சித்தப்பா உப்புப் பார்த்த நீச்சல் குளம்

எங்கள் லிங்கத்துரைச் சித்தப்பா ஒன்றைச் சொன்னால், அதில் பாதியைத் தள்ளிவிட்டு, மீதியைப் பாதியாக்கி, அதிலும் கொஞ்சத்தைக் காக்காய்க்குப் போட்டுவிட்டுத்தான் காதில் வாங்கவேண்டும். தூத்துக்குடியில் எங்கள் தெரு முழுக்கத் தெரிந்த விஷயம் இது. அப்படிக் கழித்துக் கழித்து மிஞ்சியதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். அதுவே இவ்வளவு வந்துவிட்டது.

அப்பாவுக்கு முள்ளக்காட்டில் உப்பளம். போன புரட்டாசியில் அம்மா ஆசைப்பட்டாள் என்று வீட்டுக்குப் பின்னால் ஒரு நீச்சல் குளம் கட்டினார். கோயமுத்தூர்க் கம்பெனி கட்டிக்கொடுத்த உப்புத் தண்ணீர்க் குளம். தண்ணீரில் கொஞ்சம் உப்பைக் கரைத்து வைத்தால், சுவரில் மாட்டியிருக்கும் மெஷின் அந்த உப்பிலிருந்தே குளோரின் எடுத்துக் குளத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும். லிட்டருக்கு மூன்று, மூன்றரை கிராம் உப்பு இருந்தால் போதும். கூடினாலும் குறைந்தாலும் மெஷின் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு படுத்துவிடும்.

"உப்புன்னு வந்தபிறகு நம்ம வீட்டுக்கு வெளியாள் எதுக்கு?" என்று குளத்து மோட்டார் ரூம் சாவியை வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டார் சித்தப்பா.

அந்தச் சாவி அவருக்கு லேசுப்பட்டது இல்லை. அதற்கு முன்னால் அப்பா அவரிடம் லாரியைக் கொடுத்துப் பார்த்தார், பிடுங்கிக்கொண்டார். ஆபீஸைக் கொடுத்துப் பார்த்தார், பிடுங்கிக்கொண்டார். அளத்தையே கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளச் சொன்னார், ஆட்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுச் சித்தப்பாவைச் சுற்றி உட்கார்ந்து கதை கேட்டார்கள் என்று அதையும் பிடுங்கிக்கொண்டார். கடைசியாகக் கையில் தங்கியது குளம்தான். கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, குளக்கரையில் பிரம்பு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். தெருவில் எல்லோரும் 'குளத்து அண்ணாச்சி' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அப்படிக் கூப்பிட்டால் மட்டும்தான் திரும்பிப் பார்ப்பார்.

வைகாசியில்தான் வினை வந்தது. அக்காவைப் பேசி முடித்திருக்கும் நாகர்கோவில் சம்பந்தி வீட்டார் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்கள். குளத்தில் குளிப்பதற்கென்றே புது உடுப்பெல்லாம் வாங்கி வைத்திருக்கிறார்களாம். அம்மா குளத்தைப் பார்க்கப் போனாள். தண்ணீர் பாசிப்பயறு அவித்த நிறத்தில் கிடந்தது. மெஷினைத் தேடினாள். அதன்மேல் சித்தப்பாவின் துண்டு தொங்கியது. துண்டை எடுத்தால் உள்ளே சிவப்பு விளக்கு.

மறுநாளே கம்பெனியிலிருந்து சென்னியப்பன் என்ற தம்பி வந்து சேர்ந்தார். பேச்சில் அப்படி ஒரு பணிவு. உப்பைப் பார்க்கிற சின்ன மீட்டரைத் தண்ணீரில் முக்கினார். உதறினார். மறுபடி முக்கினார்.

"ஏனுங்க, நம்பரே வரமாட்டேங்குது. ரெண்டு கோடுதான் காட்டுது. இப்படி வந்து நான் பார்த்ததில்லீங்க. மீட்டர் கெட்டுப்போச்சோ என்னமோ. ஆபீசுக்குப் போட்டோ அனுப்பியிருக்கேன், பதில் வரட்டுங்க."

அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு குளத்துப் படிக்கட்டுக்கு மேலே உட்கார்ந்தாள். பக்கத்தில் அப்பாவின் அக்கா, எங்கள் சுயம்புக்கனி அத்தை. அடுத்த தெருவிலிருந்து இதற்கென்றே வந்திருந்தாள்.

"பதில் வரட்டும்" என்றாள் அம்மா. "உப்பு ஒழுங்கா இருந்தா சாவி நம்ம தம்பிகிட்டயே இருக்கட்டும். இல்லைன்னா இன்னைக்கே கம்பெனிக்காரவகிட்ட ஒப்படைச்சிர வேண்டியதுதான்."

சித்தப்பாவின் கை தானாக இடுப்புக்குப் போய்ச் சாவியைத் தொட்டுப் பார்த்தது. பிறகு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடியைக் கழற்றினார் என்றால் பெரிய சரக்கு வருகிறது என்று அர்த்தம்.

"மைனி, இந்த மீட்டரு நேத்துக் கடையில வாங்கினது. அது என்னத்தச் சொல்லும்? இது" – நாக்கை நீட்டிக் காட்டினார் – "முள்ளக்காட்டுல விளைஞ்சது. சுண்டுவிரல முக்கி இதுல வச்சேன்னா லிட்டருக்கு எத்தனை கிராமுன்னு சொல்லிருவேன். அது மட்டுமா? எந்த அளம், எந்தப் பாத்தி, வாருனது ஆம்பளையா பொம்பளையான்னு சொல்லிருவேன். ஒரு தடவ திருச்செந்தூர் பஸ்ல சன்னலோரமா வாயத் தொறந்துக்கிட்டுத் தூங்குதேன். அளத்துக் காத்து உள்ள போயிட்டு. கண்ணத் தொறக்காமலே, 'ஆறுமுகநேரி வந்துட்டு, எறங்குறவங்கள்லாம் எறங்குங்க'ன்னேன். கண்டக்டர் பையக் கழட்டி என் தோள்ல மாட்டிட்டான்."

"அவ்வளவு பெரிய நாக்கு வச்சிருக்கவன் சிவப்பு லைட்டுக்கு மேல துண்ட எதுக்குலே போட்டா?" என்றாள் அத்தை.

"யக்கா, அது ரோசக்கார மெஷின். அது கண்டுபிடிக்கதுக்கு முந்தியே நான் நாக்கால சொல்லிருதேன்லா, கோவத்துல மூஞ்சி செவந்து போச்சு. நாலு பேரு பாத்தா அதுக்குத்தான கேவலம்? மூடி வச்சேன்."

சென்னியப்பன் மெஷினைத் திரும்பிப் பார்த்தார். பாவம், நம்புவதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. சித்தப்பாவுக்கு அது தெரிந்துவிட்டது. நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"தம்பி, ஐப்பசி மழையில இந்தக் குளம் நெரம்பி வழிஞ்சு உப்பெல்லாம் வெளிய போயிட்டு. நீங்கன்னா என்ன செய்வீய?"

"மீட்டர்ல பார்த்துட்டு, குறையற உப்பை மூட்டையிலிருந்து போடுவமுங்க."

"மூட்டையக் கொட்டுதது எவனும் செய்வான். நான் மாடியில ஏறி நின்னேன். ஒரே ஒரு கை உப்பு. விரல இப்படி விரிச்சு வீசினேன் பாருங்க, பந்தியில நெய் விட்ட மாதிரி குளம் பூரா சமமா எறங்குச்சு. ஆனா ஒண்ணு. கை கொஞ்சம் வலுவாப் போயிட்டு. மிச்சத்த வாடைக்காத்து அள்ளிக்கிட்டுப் போயி நாலு தெருவுக்குத் தூவிட்டு. அன்னைக்கு மத்தியானம் இந்த ஏரியாவுல ஒரு வீட்லகூட, கொழம்புல உப்பில்லன்னு புருசன் பொண்டாட்டி சண்டை கிடையாது."

"ஏலே" என்று பாய்ந்தாள் அத்தை. "அன்னைக்கு எங்க வீட்டு மீன் கொழம்ப வாயில வைக்க முடியல. ஒரே கரிப்பு. அப்படியே கொண்டு கொட்டுனேன்!"

"பாத்தியளா மைனி, சாட்சி தானா நடந்து வருது. யக்கா, நீ முந்தியே உப்புப் போட்டுட்ட. அதுக்கு மேல என் உப்பும் விழுந்திருக்கு. சன்னலச் சாத்தியிருக்கப்படாதா?"

திறந்த வாயை அத்தை அப்படியே மூடிக்கொண்டாள். அவளை வாயடைக்க வைப்பது எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வாய்த்ததில்லை. அந்த ஒன்றிலேயே சித்தப்பாவுக்கு இரண்டு சுற்று தெம்பு வந்துவிட்டது.

"பதில் வந்துட்டா?" என்று அம்மா சென்னியப்பனைக் கேட்டாள்.

"இன்னும் டிக்கு நீலமாகலீங்க."

"அது ஆகட்டும் மைனி. சித்திரை வெயில்ல நடந்ததக் கேளுங்க. தண்ணி வத்தி உப்புக் கூடிப்போச்சு. தம்பி, உங்க முறைப்படி என்ன செய்யணும்?"

"பாதித் தண்ணிய வெளிய எடுத்துட்டு நல்ல தண்ணி ஊத்தணுமுங்க."

"நம்ம ஊர்ல தண்ணிய வெளிய விடுததா? பாவம் பிடிச்சுக்கிடும். நான் ஒரு எருமையக் கொண்டாந்து கரையில கட்டினேன். எருமைக்கு உப்புன்னா உசுரு. ஆனா ஒரு எருமைக்காவது தண்ணிய விட்டுட்டு உப்ப மட்டும் நக்கத் தெரியுமா? நான் பக்கத்துல உக்காந்து நாக்கப் பிடிச்சுப் பழக்கினேன். சாயந்தரத்துக்குள்ள உப்பு சரியா வந்து நின்னுட்டு. ஒரு சொட்டுத் தண்ணி கொறையல. அதுக்கப்புறம் அந்த எருமையில பால் கறந்தா, உப்புப் போட்ட மோராத்தான் வரும். கருவேப்பிலை கிள்ளிப் போடுதது மட்டுந்தான் நம்ம வேலை."

சென்னியப்பன் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். "எங்கூர்ப் பக்கமும் எருமை இருக்குதுங்கண்ணா. மோரெல்லாம் கறந்ததில்லீங்க."

"நீங்க குடிக்கது சிறுவாணித் தண்ணி. அவ்வளவு ருசியான தண்ணியக் குடிச்சா எருமை சோம்பேறியாத்தான் இருக்கும்."

"அந்த எருமை இப்ப எங்க?" இது அம்மா.

சித்தப்பா ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. "அத ஏன் கேக்கிய. பேரு வெளிய தெரிஞ்சு போச்சு. கல்யாண வீட்டுக்காரவ பந்திக்குப் பந்தி கூட்டிட்டுப் போனாவ. சாத்தான்குளத்துப் பக்கம் ஒரு வீட்ல, இந்தப் பந்திக்கு இதுதான் மூத்த சுமங்கலின்னு வெத்தில பாக்கு வச்சு, சேலை எடுத்துக் குடுத்து, அங்கயே நிறுத்திக்கிட்டாவ. நல்லா இருக்கு. போன வாரங்கூட வெசாரிச்சுச்சாம்."

"யார வெசாரிச்சுச்சு?"

"உங்களத்தான் மைனி. ராணி சௌக்கியமான்னு."

அம்மாவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. சிரிப்பா, பல்லைக் கடித்ததா என்று தெரியவில்லை. சித்தப்பா சிரிப்பு என்றே எடுத்துக்கொண்டார். தப்புக் கணக்கு அங்கேதான் ஆரம்பம்.

"எருமைக்கே இப்படின்னா கடல் சங்கதியச் சொன்னா என்ன செய்வீய? பங்குனியில நம்ம கடல்ல உப்பு கொறஞ்சு போச்சு. யாருக்கும் தெரியாது, மீனுக்குத்தான் தெரியும். ஒரு சீலா மீன் விசாரிச்சுக்கிட்டு பக்கிள் ஓடை வழியா நீந்தி நேரா நம்ம தெருவுக்கு வந்துட்டு."

"அந்தச் சாக்கடையிலயா?" அத்தைக்கு வாய் திரும்பிவிட்டது. "அங்க மனுசனே நடக்க முடியலயே, மீனு எப்படிலே வந்துச்சு?"

"செட்டையால மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் வந்துச்சு. பாதி வழியில ரெண்டு தும்மல் வேற. வாசல்ல வந்து வால ஆட்டுச்சு. நானும் என்னமோ ஏதோன்னு நம்ம குளத்துத் தண்ணி ஒரு டம்ளர் மோந்து, கைபடாமக் கொண்டுபோயி, பழைய துறைமுகத்துப் பக்கமா நின்னு கடல்ல ஊத்துனேன். உறை ஊத்துத மாதிரிதான், வேற ஒண்ணுமில்ல. மறுநாள் காலைல பாத்தா கடல் பூராவும் பதமா நிக்கு. இலங்கைக்காரனும் அந்த உப்பத்தான் இன்னைக்கு அனுபவிக்கான். ஒரு நன்றி உண்டா? கெடயாது. நானும் எதிர்பாக்கல."

சென்னியப்பன் இப்போது போனை மறந்து தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். "அண்ணா, அந்த மீனு?"

"பஸ் ஏத்தி விட்டேன்."

அத்தையே சிரித்துவிட்டாள். சித்தப்பாவுக்கு அதற்கு மேல் கால் தரையில் பாவவில்லை. எழுந்து நின்று, குளத்தை நோக்கி ஒரு கையை நீட்டினார்.

"இவ்வளவு எதுக்கு? நம்ம குளத்துல உப்ப எந்தப் பதத்துல வச்சிருக்கேன்னு ஒரே வார்த்தையில சொல்லுதேன். இந்தத் தண்ணியில எவனும் முங்கவே முடியாது. போன வாரம் ஆட்டுக்கல்லு தவறி உள்ள விழுந்துட்டு. தேங்காய் மாதிரி மெதந்து கரைக்கு வருது! நீச்சலே வேண்டாம். கைப்பிள்ளையத் தூக்கிப் போட்டாலும் தொட்டில்ல கெடக்கது மாதிரி கெடக்கும். சம்பந்தி வீட்டுக்காரவ வரட்டும், ஒவ்வொருத்தரா உள்ள போட்டு ஒரு தள்ளு தள்ளுனா போதும், அந்தக் கரையில போயி எறங்கிக்கிடலாம்."

"யாரும் முங்கவே முடியாதா?" என்றாள் அம்மா.

"முடியவே முடியாது மைனி."

"அப்ப எறங்குங்க தம்பி."

மோட்டார் ரூமுக்கு மேலே உட்கார்ந்திருந்த காக்காய்கூடத் தலையைச் சாய்த்துப் பார்த்தது.

சித்தப்பாவுக்கு நீச்சல் தெரியாது. குளத்து அண்ணாச்சி என்று பேர் வாங்கிய இத்தனை மாதத்தில் அவர் முதல் படியில் கால் நனைத்ததோடு சரி. சின்ன வயதில் முழங்கால் அளவு வாய்க்கால் தண்ணீரில் நின்றுகொண்டு 'போறேன், போறேன்' என்று ஊரைக் கூட்டியவர். அத்தைதான் முடியைப் பிடித்து இழுத்துப் போட்டாளாம்.

"ராணி, வேண்டாம்ட்டி" என்றாள் அத்தை, திடீரென்று குரல் இறங்கி. "அவன் பேசுவான். பேசிட்டுப் போறான், விடு."

"பேசட்டும் மைனி" என்றாள் அம்மா. "பேசுனது நெசம்னா சாவி அவுககிட்டயே இருக்கட்டும். நான் வாயே தொறக்கல."

சித்தப்பா எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். இறங்காவிட்டால் சாவி போகும். இறங்கினால் உயிர் போகும். இரண்டையும் தராசில் வைத்துப் பார்க்கிறவர் மாதிரி ஒரு நிமிஷம் நின்றார். அப்புறம் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். வேட்டியை மடித்துக் கட்டினார். சாவியை மட்டும் இடுப்பிலிருந்து எடுக்கவில்லை.

"திருச்செந்தூர் முருகா" என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடியபடி குளத்துக்குள் விழுந்தார்.

இனிமேல் வருவது சித்தப்பா சொன்னதில்லை. நான் கண்ணால் பார்த்தது.

போன வேகத்தில் மேலே வந்தார். வந்தவர் மல்லாந்தார். வயிறு தண்ணீருக்கு வெளியே, கால் பெருவிரல் இரண்டும் வெளியே. ஒரு காலை உள்ளே அமுக்கினார், மறு கால் எழும்பியது. அதை அமுக்கினார், தலை எழும்பியது. சும்மா கிடந்தார். மெத்தையில் கிடப்பது மாதிரியே கிடந்தார்.

மெதுவாகக் கண்ணைத் திறந்து, எரிச்சல் தாங்காமல் மறுபடி மூடிக்கொண்டு, தான் இன்னும் சாகவில்லை என்று புரிந்ததும் போட்டார் பாருங்கள் ஒரு சத்தம்:

"பாத்தியளா மைனி! பாத்தியளாக்கா! நான் சொன்னது பூராவும் நெசம்! பூராவும்!"

வாழ்நாளில் முதல் தடவையாக அவர் சொன்னது பலித்திருக்கிறது. அதற்கு அது வேறு நாள் பார்த்திருக்கலாம்.

சென்னியப்பன் எழுந்து, மீட்டரைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். "மீட்டர் நல்லாத்தானுங்க இருக்குது, அதால அளக்க முடியாத உப்புக்குத்தான் அந்த ரெண்டு கோடு. லிட்டருக்கு மூணரை கிராமுல ஆளு இப்படி மிதக்கமாட்டாங்க. கடல்லயே இப்படி மிதக்கமாட்டாங்க."

"எந்தத் தண்ணிய ஊத்துனீய?" என்றாள் அம்மா.

சித்தப்பா எழுந்து ஓடத்தான் பார்த்தார். நிமிர நிமிரத் தண்ணீர் அவரைப் புரட்டி மல்லாக்கப் போட்டது. வேறு வழியில்லாமல் வானத்தைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

"தண்ணி வத்துச்சுன்னா... நம்ம அளத்து டிராக்டர் சும்மாத்தான நிக்கு... கெணத்துலேருந்து ஒரு டேங்கர் கொண்டாரச் சொல்லுவேன்."

"அளத்துக் கெணத்துத் தண்ணியா? உப்பு காச்சுத தண்ணியா?"

"உப்புத் தண்ணிக் குளத்துல உப்புத் தண்ணி கொறஞ்சா, உப்புத் தண்ணிதான மைனி ஊத்தணும்? நல்ல தண்ணிய ஊத்துனா குளம் கெட்டுப்போயிராதா?"

"வத்தறது தண்ணி மட்டுந்தானுங்கண்ணா, உப்பு அங்கேயேதான் இருக்கும்னு போன தடவையே எங்காளு சொன்னாருங்களே" என்றார் சென்னியப்பன். சித்தப்பா காதைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டார்.

இந்தச் சத்தத்தில்தான் அப்பா வந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு அளத்திலிருந்து வந்தவர், குளத்தில் கிடக்கும் தம்பியைப் பார்த்தார். குனிந்து ஒரு கை தண்ணீர் எடுத்து, இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தார்.

"மூணாம் கெணறு" என்றார். "தண்ணி கீழ போய்க்கிட்டே இருக்கேன்னு ஒரு மாசமாத் தேடுதேன். பக்கத்து அளத்துக்காரன் திருடுதான்னு நேத்து அவன் வாசல்ல போயி நின்னு நாக்குல நரம்பில்லாமப் பேசிட்டு வந்திருக்கேன்." பிறகு சித்தப்பாவைப் பார்த்து, "ஏலே, அளத்துல பொறந்தவன்தான நீ? வெயிலு தண்ணியத்தான் குடிக்கும், உப்பத் தொடாதுன்னு தெரியாதா உனக்கு?"

சித்தப்பா மிதந்துகொண்டே, "தெரியும்ணே. இந்த வெயிலு கொஞ்சம் வித்தியாசமான வெயிலு" என்றார்.

அப்பா மறுபடி விரலைத் தேய்த்தார். இந்தத் தடவை முகத்தில் கோபம் கொஞ்சம் கழன்று, வியாபாரி தெரிந்தார். "உப்பேறி நல்லாத்தான் காய்ஞ்சிருக்கு. பாத்தியில விட்டா சீக்கிரம் விளைஞ்சிரும். ஒரு சொட்டு கீழ போகப்படாது. டேங்கர வரச்சொல்லி பூராத்தையும் அளத்துக்கே கொண்டு போயிருங்க. தம்பி, நீங்க குளத்தக் கழுவி, நல்ல தண்ணி விட்டு, ஞாயித்துக்கிழமைக்குள்ள சரிபண்ணிக் குடுத்துருங்க."

அம்மா குளத்துக்குள் கை நீட்டினாள். சித்தப்பா தானாகவே அந்தப் பக்கம் மிதந்து வந்தார். அவர் இடுப்பிலிருந்து சாவியை உருவி, சென்னியப்பன் கையில் கொடுத்தாள். சித்தப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்து அத்தை வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மூஞ்சியத் தூக்காத" என்றார் அப்பா. "டேங்கர்லயே நீயும் ஏறி வா. உன் தண்ணி உப்பா விளையுத வரைக்கும் அளத்துல கூட இருந்து பாத்துக்க."

சித்தப்பா படியைப் பிடித்து ஒருவழியாக எழுந்து நின்றார். உடம்பெல்லாம் வெள்ளை பூத்து, விபூதி அபிஷேகம் செய்த சாமி மாதிரி இருந்தார். முகத்தில் மெல்ல வெளிச்சம் வந்தது. வேட்டியைப் பிழிந்து கட்டி, இடுப்பில் காலியாக இருந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, அப்பாவுக்கு முன்னால் கையை நீட்டினார்.

"அப்ப அளம் நம்ம பொறுப்பு. சாவியக் குடுங்கண்ணே."

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "அளத்துக்கு என்னைக்குலே கதவு இருந்துச்சு, சாவி கேக்க?"